பரோயே தீவுச் சபையாருக்குத் தரங்கம்பாடியிலிருந்து நன்றி மடல்

வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க் முடியின் கீழுள்ள பரோயே தீவுகளில் வாழும் அன்பார்ந்த குவால்விக் ஊர்ச் சபையார் யாவருக்கும் எங்கள் தோத்திரம்.

இம்மடலின் மொழிபெயர்ப்பைத் தனியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் அன்பை எங்கள் சபையாரும் அறியவேண்டும் என்பதால் தமிழிலும் வெளியிடுகிறேன்.

சென்ற கோடையில், மூடுபனியில் பேருந்தைத் தவறவிட்டு நின்ற என்னையும் என் மனைவியையும் வீட்டுக்கு அழைத்துச்சென்று, நனைந்த காலுறைகளை அடுப்பருகே காயப்போட்டு, ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறிய தாயாருக்கு முதல் நன்றி. மறுநாள் ஞாயிறு. 1829இல் கட்டப்பட்ட உங்கள் ஆலயத்தை, கோயில்பிள்ளை வேலை பார்க்கும் அம்மையார் எங்களுக்காக முன்னதாகவே திறந்துவைத்தார். வெளியே தார் பூசிய கறுப்புப் பலகை, கூரையில் பச்சைப் புல். உள்ளே வண்ணமே பூசாத மரம். அந்த மரவாசனை இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது.

அன்று ஆயர் வேறொரு சபைக்குச் சென்றிருந்ததால், ஊர்ப் பெரியவர் ஒருவர் பிரசங்கத்தை வாசித்தார். எங்கள் கிராமங்களில் உபதேசியார் செய்யும் அதே ஊழியம்! ஞானப்பாட்டு எண்களைத் தாளில் எழுதித் தந்தவரும் அவரே. ஒரு பாட்டின் ராகம் எங்களுக்குத் தெரிந்ததாக இருந்ததால், நீங்கள் பரோயே மொழியில் பாட, நாங்கள் தமிழில் பாடினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆராதனைக்குப் பின் அவரோடு பேசியது எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய மிஷனரி சீகன்பால்கு, 1706இல், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அதே முடியின் கீழிருந்த பரோயே மக்களோ, ஆலயத்தில் டேனிய மொழியையே கேட்டு, தங்கள் மொழியில் அச்சிட்ட முழுப் புதிய ஏற்பாட்டுக்கு 1937வரை காத்திருந்தார்கள். நான் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வீட்டுக்குப் போய், தம் பாட்டனார் வைத்திருந்த, ஓரம் தேய்ந்த புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுத்தார். பதினெட்டுத் தீவுகளில் ஏறத்தாழ 54,000 பேரே வாழும் நாடு, டேனியத் திருச்சபையிலிருந்து பிரிந்து 2007 ஜூலை 29இல் தனித் தேசியத் திருச்சபையை அமைத்துக்கொண்டது ஏன் என்பது, அந்தப் புத்தகத்தைத் தொட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பிரசங்கம் வாசித்த ஐயா, நாங்கள் விட்டுவந்த தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகம் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். தரங்கம்பாடிக்கு நீங்கள் வரும் நாளில், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் எங்களோடு ஆராதித்து, எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத தரங்கம்பாடிக் குடும்பத்தார்