கொடம்புளி மாத்திரையும் கிறிஸ்துமஸ் பலகாரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் எடை கூடாமல் இருக்க என்னென்ன மாத்திரை எடுக்கலாம் என்று போன இதழில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்குப் பதறியது.

இரண்டு வருஷம் முன்பு இதே டிசம்பரில் என் மைனி (அண்ணி) வாட்ஸ்அப்பில் பார்த்து அப்படி ஒரு டப்பா வாங்கினார். 'முழுக்க மூலிகை' என்று மேலே எழுதியிருந்தது. நாலு நாளில் பசியே இல்லை, மருந்து வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் தூக்கம் போனது, வாய் வறண்டது, நெஞ்சு படபடவென்று அடித்தது, கடைசியில் முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் முதலில் கேட்டதே அந்த டப்பாவைத்தான். அதில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. நிறுத்திய பிறகு ஒரு வாரத்தில் சரியானார்.

சிபுட்ராமின் என்று பசியை அடக்கும் மருந்து ஒன்று இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று 2010-இல் அமெரிக்காவிலும் 2011-இல் இந்தியாவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்கிற எடைக்குறைப்பு மாத்திரைகளில் அதைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எத்தனையோ முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எங்கள் டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

நீங்கள் முதலில் போட்டிருந்தது கொடம்புளிச் சாறு மாத்திரை. குமரி மாவட்டத்துக்காரி நான், மீன் குழம்பில் கொடம்புளி போட்டே வளர்ந்தவள், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடையில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. கிரீன் டீ மாத்திரையும் அப்படித்தான் யோசித்து எடுக்க வேண்டியது. கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாரத்தை இறுக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு, அளவு கூடினால் கல்லீரலைப் பாதிக்கும். இதில் ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் இல்லையே.

இவ்வளவு பயப்படுகிற அளவுக்குப் பண்டிகையில் எடை எவ்வளவுதான் கூடுகிறது? அமெரிக்காவில் 195 பேரை நவம்பர் முதல் ஜனவரி வரை எடை பார்த்து 2000-இல் ஒரு ஆய்வு வந்தது. சராசரியாகக் கூடியது அரைக் கிலோவுக்கும் கீழே, 370 கிராம். தாங்கள் அதைவிடப் பல மடங்கு கூடிவிட்டதாக அவர்களே நினைத்திருந்தார்கள்! அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் கூடிய அந்த எடை அடுத்த வருஷமும் அப்படியே இறங்காமல் நின்றது, வருஷா வருஷம் சேர்ந்தால் அது பெரிய எடைதான். அதற்கு வாரம் ஒருமுறை எடை பார்க்கலாம், பக்கத்து வீட்டிலிருந்து வரும் தட்டில் எல்லாப் பலகாரத்திலும் ஒன்று எடுக்காமல் பிடித்ததில் மட்டும் இரண்டு எடுக்கலாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடிலும் ஸ்டாரும் பார்க்கத் தெருத்தெருவாக நடக்கலாம். என் மைனி போன வருஷம் அப்படித்தான் செய்தார்.

பொங்கலும் வருகிறது. அதற்கு முந்தைய இதழிலேயே, அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில், டப்பாவில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும், சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் ஏன் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது என்று ஒரு மருத்துவரை எழுதச் சொல்லிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி