டெல்டா முழுக்க ஒரே சிவப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பது பற்றி எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் வரைபடம் காட்டினார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் முழுக்க ஒரே சிவப்பு. 'பாதிப்பு அதிகம்' என்று அர்த்தமாம். எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், என்ன பாதிப்பு என்று அதில் இல்லை.

நான் தலைஞாயிறு பக்கம், ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் சம்பா நெல் சாகுபடி செய்கிறவள். கும்பகோணம், பாபநாசம் பக்கம் மேட்டூர் திறக்கத் தாமதமானாலும் பம்புசெட்டை வைத்துக் குறுவை நெல் நட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. ஆறு வந்தால் உண்டு, இல்லையென்றால் மழையை நம்பி நேரடி விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். மேலே பெய்த மழை அடப்பாறு, அரிச்சந்திரா நதி வழியாக எங்களைத் தாண்டித்தான் வடிய வேண்டும். நிலமோ கடல் மட்டத்தைவிட ஓரிரு மீட்டர்தான் உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி நின்றால் முகத்துவாரம் தண்ணீர் வாங்காது. வடிகாலில் வெங்காயத்தாமரையும் மண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் இறங்கிய பிறகு பயிரைத் தொட்டால் தூர் அழுகிக் கையோடு வந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. ஒரே டெல்டாதான். ஓர் ஊரைக் காற்று அழித்தது, இன்னோர் ஊரை வெள்ளம் மூழ்கடித்தது. இரண்டுக்கும் ஒரே திட்டம் எப்படிப் பொருந்தும்?

நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு வருவாய் கிராமம் வாரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. அந்த அளவில் ஏன் இந்த வரைபடத்தையும் போடக் கூடாது? கோடையில் ஊர் ஊராகப் போர்த் தண்ணீரின் உப்பை அளக்கட்டும். எந்த வாய்க்கால் எதில் வடிகிறது, எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று குறிக்கட்டும். அப்போதுதான் தண்ணீர் நிற்கும் ஊருக்கு மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல், உப்பு ஏறிய ஊருக்குக் குழியடிச்சான் மாதிரி ரகம் என்று விதையைப் பிரித்துக் கொடுக்க முடியும். வடிகால் பணத்தையும் எங்கே முதலில் போடுவது என்பது தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு சட்ரஸ் (மதகு) இயக்கும் பாசனப் பணியாளர்களான லஸ்கர்களையும் கடைமடை விவசாயிகளையும் அழையுங்கள். எந்த மடை எப்போது அடைக்கும் என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு.