அந்த லேஞ்சியை எடுத்துக் கொடுத்தவள்

கோண்டாவில்,
தை மாதக் கடைசி

அன்புள்ள புவனா,

உம்முடைய கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரொறன்ரோக் குளிரில் அந்தக் காலோடு வெளியே இறங்க வேண்டாம். பிள்ளைகள் சொல்வதைக் கேளும்.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் குனிந்து அள்ளலாம் போல நிற்கிறது. பின் வளவில் பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு எடுத்தோம். பாதியை அவித்தேன், மிச்சத்தைக் கீறி ஒடியலுக்குக் காயப் போட்டிருக்கிறேன். அங்கே வருகிற ஆள் யாராவது அகப்பட்டால் உமக்குப் புழுக்கொடியல் ஒரு பொதி வரும்.

நாங்கள் தொலைபேசியில் கிழமைக்கு ஒருதரம் கதைக்கிறோம். இருந்தும் இதை எழுதித்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசியும்.

என் பேத்தி உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கிறாள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் படிக்கிறாள். பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து அவள் சத்தமாக வாசிப்பாள், நான் பக்கத்தில் இருந்து கிழங்கு உரிப்பேன். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற பீலியை எடுத்துப் போட்டு, தும்பை இழுக்கிற வேலை கைக்குப் பழகிய வேலை. காது அவளோடு இருக்கும். கைக்குட்டை வருகிற இடத்தில் நிறுத்தி, "இது எங்கட லேஞ்சிதானே அம்மம்மா?" என்று கேட்டாள். லேஞ்சிதான். போர்த்துக்கேயப் பறங்கியர் எங்களிடம் விட்டுப்போன சொல். அதன் பிறகு எனக்கு அது வெனிஸ் நகரத்துப் பொருளாகவே இல்லை. சிவப்பு நூலால் ஸ்ட்ரோபரிப் பழம் பின்னிய ஒரு லேஞ்சி, எங்கள் விறாந்தைத் தூணடியில் விழுந்து கிடப்பது போல இருந்தது.

அந்த லேஞ்சியைக் காட்டி, தன் தளபதி ஒதெல்லோவுக்கு மனைவி டெஸ்டிமோனா மேல் சந்தேகத்தை ஊட்டி, அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிறவன் இயாகோ. அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பது போல இவளும் கேட்டாள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அதை நோக்கமே இல்லாத தீக்குணம் என்றார். இயாகோ சொல்லும் காரணங்கள் எல்லாம் பிறகு தேடிப் பொருத்தியவை என்பது அவருடைய எண்ணம். நானும் வகுப்பில் அப்படித்தான் படிப்பித்தேன். இப்போது முதல் காட்சியைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. தனக்கு வரவேண்டிய படைப் பதவி கசியோ என்கிறவனுக்குப் போய்விட்டது என்று அவன் குமுறுகிறான். போர்க்களத்தில் ஒரு படையை நடத்தியறியாதவன், கணக்கெழுதுகிறவன், ஏட்டுப் படிப்புக்காரன் என்று கசியோவை ஏசுகிறான். ஒரு கதிரை கைதவறிப் போனதற்காக மனிதர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை நீரும் நானும் பள்ளிக்கூடங்களில் கண்டவர்கள் அல்லவா? அந்த ஆத்திரம் எனக்கு நன்றாக விளங்குகிறது. அது தொடங்கிய பிறகு அவனுக்கு வருகிற சந்தோஷம்தான் எனக்கு விளங்காதது.

அவன் செய்கிற விதத்தைக் கவனியும். முதலில் பொய்யே சொல்வதில்லை. கசியோ டெஸ்டிமோனாவிடம் கதைத்துவிட்டு விலகிப் போவதைக் கண்டு, "ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். சொல்ல மனமில்லாதவன் போல நிற்கிறான். ஒதெல்லோதான் கெஞ்சிக் கெஞ்சி அந்த நஞ்சை வாங்கிக் குடிக்கிறான். லியர் மன்னன் நாடகத்தில் எட்மண்டும் இதைத்தான் செய்வான். தானே எழுதிய கள்ளக் கடிதத்தைத் தகப்பன் வரும்போது அவசரமாகச் சட்டைப்பையில் மறைப்பான். மறைத்ததைக் கண்டதால்தான் கிழவர் அதைக் காட்டு காட்டு என்று நிற்பார். எங்கள் ஊரில் கோள் சொல்ல வருகிறவர்களும் "எனக்கென்னத்துக்கு ஊர்ப் பேச்சு, நான் சொன்னதாகச் சொல்லிப் போடாதையுங்கோ" என்றுதானே தொடங்குவார்கள்!

எங்களிடமே ஒரு இயாகோ இருக்கிறான் என்று பேத்திக்குப் பூதத்தம்பி கதையைச் சொன்னேன். சின்ன வயதில் கோயில் வெளியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியப் பார்த்த நாடகம். யாழ்ப்பாண வைபவமாலை என்கிற பழைய சரித்திர நூலிலும் அந்தக் கதை வருகிறது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த காலம். ஒல்லாந்தரிடம் அதிகாரியாக இருந்த அந்திராசிக்கு, இன்னொரு அதிகாரியான பூதத்தம்பியின் மனைவி அழகவல்லி மேல் கண். அவன் மானங்கெட அவள் திருப்பி அனுப்பியதும் வஞ்சம் வைக்கிறான். வீட்டுக்கு மரம் வேண்டும், ஒரு கட்டளை தாரும் என்று கேட்டு, வெறும் கடதாசியில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறான். மேலே வெறுமையாகக் கிடந்த இடத்தில் பறங்கியருக்கு எழுதிய சதிக் கடிதமாக அதை நிரப்பி ஒல்லாந்தரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பூதத்தம்பியின் தலை போகிறது. பிறகு கொழும்புக்குப் போகிற வழியில் அந்திராசியை வன்னிக் காட்டில் யானை கொன்றது என்று கதை முடியும். அந்த இடத்தில் சனம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

ஷேக்ஸ்பியர் அந்த யானையைத் தரவில்லை. திரை விழும்போது இயாகோ உயிரோடுதான் நிற்கிறான். வதைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்கிறோமே தவிரக் காண்பதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், தெரிந்தது தெரிந்ததுதான், இனி வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறான். ஒரு துளி வருத்தமும் இல்லை.

அப்படியென்றால் அந்தக் குற்ற உணர்ச்சி எங்கே போனது? மூன்று கொலையும் ஒரு தற்கொலையும் நடந்திருக்கிறதே, யாராவது அதைச் சுமக்க வேண்டாமா? இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பேத்தி, இயாகோவின் பெண்சாதியும் டெஸ்டிமோனாவின் தோழியுமான எமிலியாவைப் பற்றி இன்னொன்று கேட்டாள். "அம்மம்மா, எமிலியா ஏன் அந்த லேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள்?"

கையில் இருந்த கிழங்கை வைத்துவிட்டேன், புவனா.

இந்தக் கதை 1565இல் அச்சான சிந்தியோவின் இத்தாலியக் கதைகளில் இருந்து வந்தது. அதில் லேஞ்சியைத் திருடுகிறவன் அந்தப் பாதகனேதான். தன் சின்ன மகளை டெஸ்டிமோனா தூக்கிக் கொஞ்சும்போது அவளுடைய இடுப்பிலிருந்து நைசாக உருவி எடுக்கிறான். அவன் பெண்சாதிக்கு எல்லாம் தெரியும், பயத்தில் வாய் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியர் இதை மாற்றினார். லேஞ்சி நிலத்தில் விழுகிறது, எமிலியா குனிந்து எடுக்கிறாள். அதை எடுத்துத் தா என்று புருஷன் நூறு தரம் கேட்டிருக்கிறான், அவனுடைய ஆசைக்காக எடுக்கிறேன், எதற்கென்று எனக்குத் தெரியாது என்கிறாள். பிறகு டெஸ்டிமோனா, லேஞ்சியை எங்கே விட்டேன் என்று தேடும்போது, எனக்குத் தெரியாது அம்மா என்கிறாள். அந்த ஒரு வரி! ஒதெல்லோ லேஞ்சி எங்கே, லேஞ்சி எங்கே என்று மனைவியைப் பிடித்து உலுக்கும்போதும் பக்கத்திலேயே நிற்கிறாள், பேசாமல்.

அதன் பிறகு ஒரு இடம் வரும். எவனோ ஒரு பாதகன், பதவிக்காக இந்த அவதூறைக் கட்டியிருக்கிறான் என்று எமிலியா கோபத்தோடு சொல்வாள், இயாகோவின் முகத்துக்கு முன்னாலேயே. வகுப்பில் பிள்ளைகள் அதில் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

கடைசிக் காட்சியில் ஒதெல்லோ, உன் புருஷனுக்கு எல்லாம் தெரியும் என்றதும், "என் புருஷனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பிறகு அவளுடைய வாயில் ஒரு சின்ன வசனம் வரும்: அப்போதே எனக்குத் தோன்றியது. துக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள். புருஷன் வாயை மூடு என்று அதட்ட, அவனுக்குக் கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது என்று சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஒருவேளை இனி நான் வீட்டுக்கே போக மாட்டேன் இயாகோ என்கிறாள். அவன் குத்திப் போடுகிறான். என்னை என் எசமாட்டியின் பக்கத்தில் கிடத்துங்கள் என்று கேட்டுச் சாகிறாள்.

எங்களுடைய நாடகம் நினைவிருக்கிறதா? 1976. ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் தூக்கத்தில் நடமாடுகிற காட்சியை நாங்களே தமிழாக்கிப் போட்டோம். நூலகக் கூரைக்குக் காசு சேர்க்கிறதுக்காக. புருஷனைத் தூண்டி அரசனைக் கொல்ல வைத்த மக்பெத் சீமாட்டி நீர்தான். மெழுகுவர்த்திக்குப் பதிலாகச் சிமினி விளக்கைக் கையில் தந்தோம். கண்ணாடி சூடேறி உம்முடைய புறங்கை சிவந்துபோனது, நீர் விளக்கை வைக்கவே இல்லை. கொலை நடந்த இரவில் கொஞ்சத் தண்ணீர் போதும், எல்லாம் கழுவுப்பட்டுவிடும் என்றவள், அன்றைக்கு அரேபியா முழுவதின் வாசனைத் தைலமும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்று கையைத் தேய்த்தாள். முன் வரிசையில் இருந்த பெண்கள் அழுதார்கள். நூலகத்துக்கு ஓடு வந்தது.

பக்கவாட்டில் நின்று நுழைவுச்சீட்டுக் கணக்கு எழுதினவள் எங்களுடைய மூன்றாவது அறைத்தோழி. அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீல மட்டைக் கொப்பி ஒன்றில் அவள் சதம் சதமாக எழுதி வைத்திருந்தாள். நாடகம் முடிந்து நாலாம் நாள், எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கொப்பியை ஒருக்கால் பார்க்க வேண்டும், அவளைக் கேட்டால் தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று குறை நினைப்பாள், நீர் எடுத்துத் தாரும் என்றார். அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். கப்பி கிறீச்சிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் திருப்பித் தந்தார். கொப்பியின் நடுவில் கம்பி தளர்ந்திருந்தது. ஒரு தாளைக் கிழித்தால் அதற்கு இணையான மறுதாள் பிடிமானம் இல்லாமல் கழன்று நிற்கும், தெரியுமல்லவா? அப்படி ஒரு தாள் நின்றது. கண்டேன். கண்டும், அதை உள்ளே தள்ளி, கொப்பியை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். அப்போதே எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூட அதிபர் கதிரைக்கு அந்த ஆசிரியருக்குப் போட்டியாக இருந்தவர் அவளுடைய மாமி என்பது உமக்குத் தெரியும். பெட்டிசம் போனது, காசு குறைகிறது என்று. விசாரணை வந்தது, மாமியின் பெயரும் சேர்ந்து கெட்டது. இவளுக்கு மன்னார்ப் பக்கம் இடமாற்றம். பஸ் நிலையத்தில் நீர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதீர். நானும் அழுதேன். எந்தப் பாவி இப்படிச் செய்தானோ என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், புவனா. அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது.

அவர் அதிபரானார். ஓய்வு பெற்றபோது நாங்கள் வாழ்த்துப்பா பாடினோம். மக்பெத்துக்குக் கொலை செய்த கையோடு "ஆமென்" என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது, தூக்கம் போய்விட்டது. அவர் நன்றாகத் தூங்கினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. முந்தி அதை அறிய ஆசைப்பட்டேன். இப்போது அந்த ஆசை போய்விட்டது.

ஹாம்லெட்டில் கிளாடியஸ் முழந்தாளிட்டு மன்றாடப் பார்ப்பான். அண்ணனைக் கொன்று எடுத்த முடியும் இராணியும் என் கையிலேயே இருக்கும்போது எப்படி மன்னிப்புக் கேட்பேன் என்று தானே தன்னைக் கேட்பான். நான் எடுத்துக்கொண்டது முடி இல்லை. உங்கள் இருவருடைய சிநேகம், எல்லாரிடமும் நல்ல பெயர். ஐம்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் கோயிலில் கும்பிட்டு வருகிறேன்.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவில் அவளைக் கண்டேன். சாவகச்சேரியில் தங்கையோடு இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே. புவனா எப்படி, அந்தச் சிமினி விளக்குக்காரி எப்படி என்று கேட்டாள். வீதி மணலில் சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவள் என் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவளிடம் போகிறேன். பேத்தியைக் கூட்டிப் போகவில்லை. உரித்த கிழங்கு ஒரு பொதி கட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அதைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கையில் கொடுத்த பிறகு சொன்னால் அவளால் என்னைக் கோபிக்க முடியாமல் போய்விடும்.

போய் வந்து எழுதுகிறேன். உமக்கு என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுதும்.

உம்முடைய,
சரோஜா