தீர்மானம் போடுவதற்கு முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

'தெருவில் இனி யாரும் நாய் வளர்க்கக் கூடாது, தெருநாய்களைப் பிடித்து வேறு எங்காவது விட வேண்டும்' என்று ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் போடப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. குரைப்புச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறவர்களில் நானும் ஒருத்திதான். மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தானே இருக்கிறது, ஒரு வீட்டுச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் இந்தத் தீர்மானத்தால் சத்தம் குறையாது.

பக்கத்து மாடி லாப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சங்கிலி கட்டியிருக்கிறது. தொட்டி நிழல் நகர நகர அதுவும் நகர்கிறது. சங்கிலி எட்டாத இடத்துக்கு நிழல் போனதும் வெயிலிலேயே படுத்துவிடுகிறது. வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி வந்து சோறு வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாள் முழுக்க ஒரு முகம் பார்க்காத நாய், கீழே கதவுச் சத்தம் கேட்டால் குரைக்காமல் என்ன செய்யும்? நாயை எப்போதும் கட்டியே போட்டு நடக்க விடாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த வீட்டாரிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கெட்டவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள். காலையில் அதை நடக்கக் கூட்டிப்போக நான் தயார். சாயங்காலத்துக்கு இன்னொருவர் வேண்டும்.

அப்புறம், தெருநாய்கள். நம் கேட்டுக்கு எதிரே ராத்திரி பத்து மணிக்கு மேல் மிச்சச் சோற்றைக் கொட்டுகிறார்கள். அதற்குத்தான் சண்டை, ஊளை எல்லாம். சோறு போடுவதைத் தடுக்க வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், உணவு வைக்கும் இடத்தை ஒதுக்கும் பொறுப்பை நம்மைப் போன்ற சங்கங்களிடம்தான் கொடுத்திருக்கின்றன. வாசல், மாடிப்படி, பிள்ளைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தெருமுனைக் காலி மனை சரியாக இருக்கும், ஏழு மணிக்குள் முடித்துவிடலாம்.

பிடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடுவதற்கு அதே விதிகள் இடம் தரவில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நம் தெருவில் காது நுனி வெட்டியிருப்பவை கருத்தடை ஆனவை. அவற்றை விரட்டினால் காலி இடத்துக்குப் புதிய நாய்கள் வரும், குட்டியும் போடும். வெட்டு இல்லாதவற்றுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் சங்கத்தின் பெயரில் புகார் பதியுங்கள்.

நம் சத்தத்தையும் சேர்த்தே பேச வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பதினொரு மணிக்கு வண்டியில் வந்து, இறங்கிக் கேட்டைத் திறக்காமல் ஹாரன் அடிக்கிறோம். முதல் குரைப்பு பெரும்பாலும் அந்த ஹாரனுக்குத்தான்.

சுற்றறிக்கையை ஒதுக்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றையும் பேச எடுத்துக்கொள்ளுங்கள்: சோறு வைக்கும் இடம், ஹாரன், லாப்ரடாரைச் சாயங்காலம் கூட்டிப்போக ஓர் ஆள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரி