ஏழாம் தேதிக்குள் சம்பளம்: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

தங்கள் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில், வெளிமுகமை (அவுட்சோர்சிங்) வழியாக வந்த கணினி இயக்குநராக ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை ஏழரை மணிக்கு ஓ.பி. சீட்டு போடத் தொடங்குவது என் வேலை. அதோடு, துப்புரவு, காவல், வார்டு உதவி, கணினி ஆகிய நான்கு பிரிவுகளிலும் உள்ள வெளிமுகமை ஊழியர்களின் வருகைப் பதிவேட்டை மாதந்தோறும் தட்டச்சு செய்து கொடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் சம்பளம் எந்த மேசையில் எத்தனை நாள் நிற்கிறது என்பதைத் தேதியோடு சொல்ல முடியும் என்பதால்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

இன்று 24ஆம் தேதி. சென்ற மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. பதிவேட்டை நான் 1ஆம் தேதி காலையிலேயே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வார்டிலும் கையொப்பம் வாங்கி அது எங்களை வேலைக்கு அனுப்பிய வெளிமுகமை நிறுவனத்தின் கைக்குப் போகும்போது 6ஆம் தேதி ஆகிவிட்டது. நிறுவனம் 13ஆம் தேதி பில் கொண்டுவந்தது. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) ரசீது இணைக்கப்படவில்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்து, கருவூலத்துக்குப் போயிருக்கிறது. மேற்பார்வையாளரைக் கேட்டால் "பில் பாஸ் ஆகவில்லை" என்கிறார். அலுவலகத்தைக் கேட்டால் "உங்கள் கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். பிரிவு எழுத்தரை நான் குறை சொல்லவில்லை, அவர் இரண்டு பேருடைய வேலையை ஒருவராகப் பார்க்கிறார். ஆனால் தொழிலாளிக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான சான்றோடுதான் நிறுவனம் பில் தர வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே இருக்கும்போது, பில் பாஸான பிறகுதான் சம்பளம் என்ற தலைகீழான வழக்கம் எப்படி எல்லோருக்கும் இயல்பாகிப்போனது என்பதுதான் என் வருத்தம்.

பிரசவ வார்டில் துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா ஒருவர், ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி தாண்டியதும் என் கவுண்டர் பக்கம் வந்து, வரிசையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்று, "ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை அவருக்குக் குழுக் கடன் தவணை. பணம் வசூலிக்க வருபவர் குழுத் தலைவியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், கடைசி ஆள் கட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்து, சென்ற மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 3,000 ரூபாய் வாங்கினார். பதினேழு நாளில் திருப்பிக் கொடுத்தும் ஒரு மாத வட்டியாக 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். தாமதம் என்று நாம் சொல்வது அவருக்கு அந்த 300 ரூபாய். எந்தப் பில்லிலும் அது வரப்போவதில்லை.

இரவுப் பணி முடிந்து கை கழுவும் இடத்தில் யாராவது ஒருவருடைய போனில் குறுஞ்செய்தி ஒலித்தால், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் தங்கள் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். தாங்கள் ஒருநாள் காலையில் அங்கே வந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சம்பளம் தள்ளிப்போகும்போது மற்றவையும் தள்ளிப்போகின்றன. வைப்பு நிதியையும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. சந்தாவையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். எங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடு தவறாமல் பிடிக்கப்படுகிறது. ஆனால் காவலர் ஒருவர் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, மூன்று மாதச் சந்தா ஏறவில்லை என்று சொன்னார்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்கான சந்தா இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும்.

இது நிறுவனத்துக்கும் எங்களுக்கும் இடையிலான விவகாரம் என்று அலுவலகத்தில் சொல்லப்படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், அரசு அலுவலகத்தைப் பொறுத்தவரை அதன் தலைமை அலுவலரையே முதன்மை வேலையளிப்பவர் என்றது. ஒப்பந்ததாரர் உரிய காலத்தில் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே அதைக் கொடுத்து, ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு நீடிக்கிறது. மாதச் சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பதும் அவற்றில் தெளிவாக இருக்கிறது. ஆகவே நான் தங்களிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. தங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தை எங்களுக்காக ஒருமுறை பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பதிவேட்டில் 2ஆம் தேதிக்குள் கையொப்பங்கள் முடிய வேண்டும். 7ஆம் தேதி மாலைக்குள் வங்கியில் சம்பளம் போட்ட பட்டியலை நிறுவனம் தங்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுநாளே எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, மருத்துவமனையே நேரடியாகச் சம்பளம் தர ஏற்பாடு செய்ய வேண்டும். டெண்டர் முடிந்து நிறுவனம் மாறும்போது, பழைய நிறுவனத்தின் கடைசி மாதச் சம்பளம் முழுவதும் தீரும்வரை அது டெண்டருக்காகக் கட்டிய வைப்புத்தொகையை விடுவிக்கக் கூடாது. சென்றமுறை நிறுவனம் மாறியபோது விடுபட்ட ஒரு மாதச் சம்பளம் எங்களில் பலருக்கு இன்றுவரை வரவில்லை.

என் பெயரை இங்கே எழுதவில்லை. சம்பளத்தை உரக்கக் கேட்டவர்கள் இருவரின் பெயர் மறுமாதப் பதிவேட்டில் இல்லை. அந்தப் பெயர்களை நீக்கித் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

இந்த மாதப் பதிவேட்டை வரும் 1ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தங்கள் அறைக்கே கொண்டுவருகிறேன். அன்றே கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருத்துவமனையின் வெளிமுகமை ஊழியர் ஒருவர்