ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மாமியாருக்கு 76 வயது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. தன்னார்வலர் பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், அட்டையை எண்ணிக் கொடுப்பார், ஒரு வாய் மோர் குடித்துவிட்டுக் கிளம்புவார். அதில் குறையே இல்லை.

போன வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தனியார் பிசியோதெரபிஸ்டுக்குத் தடவைக்கு 400 ரூபாய், மூன்று மாதம். மாட்டுப் பால் காசெல்லாம் அதற்கே போனது. இதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வந்து இலவசமாகத் தருவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அதுவும் தப்புதான்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேவைப் பட்டியல் பலகை இருக்கிறது, பைக்குகள் நிறுத்தும் பின்பக்கச் சுவரில். பெயிண்டும் உதிர்ந்துவிட்டது. அதையே ரேஷன் கடைச் சுவரில் எழுதினால் என்ன? பாமாயிலுக்கு அரை மணி நேரம் அங்கேதானே நிற்கிறோம்.

ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.