கல்பனாவுக்கு, வாக்கன் போகும் முன்

ஹாம்பர்க்,
ஜூன் 14

அன்புள்ள கல்பனா,

வாக்கன் ஹெவி மெட்டல் இசைவிழாவுக்கு வர விசா கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எழுந்து நின்று சத்தமாகச் சிரித்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன் என்று கோபித்துக்கொண்டாயே, அது நியாயம்தான். ஏழு மாதமாக உன்னிடம் சரியாகப் பேசவில்லை. வேலை என்று சொன்னதெல்லாம் சும்மா. காரணத்தை இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். அதற்கு முன் பயண விஷயத்தை முடித்துவிடலாம்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஐந்து கறுப்பு டி-ஷர்ட், இட்லிப் பொடி, சல்வார் இரண்டு, செருப்பு. செருப்பா! கல்பனா, அது மாடு மேயும் வயல். வாக்கன் என்பது 2,000 பேர் வசிக்கும் கிராமம். 1990-ல் தாமஸ் யென்சன், ஹோல்கர் ஹூப்னர் என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள் ஆறு ஜெர்மன் குழுக்களைக் கூட்டிவந்து அங்கே மேடை போட்டார்கள். சுமார் 800 பேர் வந்தார்களாம். இப்போது அதே ஊருக்கு வருடாவருடம் 85,000 பேர் வருகிறார்கள். ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் நாட்கள்வரை புல்வெளி முழுக்கக் கூடாரம். ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் குழுவும் மேடையேறும். ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் ரொட்டியும் விற்பார்கள். போன முறை எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்த பாட்டி, என் சட்டையில் இருந்த மண்டையோட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல தையல்" என்றார். உனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சேறு என்றால் நம் பெங்களூர் சேறு என்று நினைக்காதே. 2023-ல் விடாமல் மழை பெய்து வயலெல்லாம் களிமண்ணாகி, வந்த வண்டிகளை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் முன்பே அனுமதியையே நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் வைத்திருந்த மீதிப் பேர் அந்த வருடம் உள்ளே போகவே முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்றாலும் ஒரு வருடக் கனவு போனது போனதுதானே. அதனால் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். இங்கேயே வாங்கி வைக்கிறேன், உன் கால் அளவு மட்டும் எழுது. கூடாரமும் தூக்கப்பையும் என்னிடம் இருக்கின்றன. பகலில் தோல் உரியும் வெயில் அடித்தாலும் இரவில் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும், எனவே ஒரு கம்பளிச் சட்டை. வெயிலுக்குத் தொப்பி. குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மேடை மறைக்கும், மழைக்கோட்டு போதும். பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவராதே, கண்ணாடியை உள்ளே விடமாட்டார்கள். ஹாம்பர்க்கிலிருந்து இட்ஸேஹோ என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சரி. இப்போது அந்த விஷயம்.

போன நவம்பரில் இங்கே ஒரு சின்னக் கூடத்தில் கச்சேரிக்குப் போனேன். தாழ்ந்த கூரை, முந்நூறு பேர், நான் இடது பக்க ஸ்பீக்கருக்கு நேர் முன்னால். இரண்டரை மணி நேரம். வெளியே வந்தபோது காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது, கூடவே ஒரு விசில். நமக்குப் பழக்கமானதுதானே? 2007-ல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் குழுவைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டே வந்தோமே, டி.டி.ஆர் வந்து அதட்டினாரே. மறுநாள் சரியாகிவிட்டது. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி. திறந்தவெளி அரங்கில் ஓபெத் குழுவைப் பார்த்த அன்றும் அப்படித்தான். அதனால் இந்த முறையும் தூங்கி எழுந்தால் போய்விடும் என்று படுத்தேன்.

போகவில்லை, கல்பனா. ஏழு மாதமாக இருக்கிறது. இடது காதில், தூரத்தில் யாரோ குக்கர் விசிலை நிறுத்த மறந்துவிட்டது போல. பகலில் தெரியாது. இரவில் விளக்கை அணைத்ததும் அது மட்டும்தான். முதல் இரண்டு மாதம் தூக்கமே இல்லை. மருத்துவர் கேட்கும் திறனைச் சோதித்து வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி அருகே பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியது. சத்தத்தால் கெட்ட காதில் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இப்போது கூட்டத்தில் யாராவது பேசினால் ச, த, ஸ எல்லாம் எனக்குக் குழம்பிப்போகின்றன. அம்மா போனில் பேசும்போது வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீ டிக்கெட்டை ரத்து செய் என்பாய் என்று பயந்தேன். பதினெட்டு வருடமாக நாம் பேசிய பயணம் இது. பர்மா பஜாரில் வாங்கிய அந்தத் தேய்ந்துபோன கேசட்டைப் பென்சிலால் சுற்றிக்கொண்டே, ஒருநாள் வாக்கன் என்று விடுதி மாடியில் சொல்லிக்கொண்ட நாளை எப்படி விடுவது? நான் வரத்தான் போகிறேன். மருத்துவரிடம் கேட்டேன். பாதுகாப்போடு போகலாம், இடையிடையே ஓய்வு கொடு, மேடை அருகே நிற்காதே என்றார். அதையெல்லாம் அப்படியே செய்வேன்.

ஆனால் எனக்கு உன்னை நினைத்துத்தான் கவலை. நீ டிரம்ஸ் வாசித்தவள். நாங்கள் மேடையின் ஓரத்தில் நின்றபோது நீ ஆறு வருடம் சிம்பல் தட்டுகளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாய், ஒருநாள்கூட எதையும் காதில் வைத்ததில்லை. கணக்கைக் கேள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அளவு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 100-க்கு வந்தால் வெறும் பதினைந்து நிமிடம், அதாவது மூன்று பாட்டு. ஜெர்மனியில் கச்சேரிகளுக்கு அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஒரு தரவிதி உண்டு. அதைச் சரியாகக் கடைப்பிடித்தாலே இப்படி. வாக்கனில் மதியம் தொடங்கி நள்ளிரவு தாண்டி நாலு நாள்.

அதனால் இந்த வாரமே செவித்திறன் பரிசோதகர் ஒருவரிடம் போ. முதலில் காதைச் சோதித்துக்கொள். அப்புறம் இசைக்கான காதடைப்பான் வேண்டும் என்று சொல். காதுக்குள் சிலிக்கான் பசையை ஊற்றி அச்சு எடுப்பார்கள். குளுகுளுவென்று இருக்கும், வலிக்காது. அச்சிலிருந்து செய்துவர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இருபது டெசிபல் குறைக்கும் வடிகட்டி கேள். பஞ்சு வைத்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மந்தமாகிவிடும். இதில் அப்படியில்லை. எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைகிறது. போன மாதம் போட்டுக்கொண்டு ஒரு கச்சேரி கேட்டேன். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. இத்தனை வருடம் வெறும் இரைச்சலாகவே கேட்டுக்கொண்டிருந்த இடங்களில் எவ்வளவு இருந்திருக்கிறது! அழுகை வந்துவிட்டது எனக்கு.

தொலைந்தால் என்ன செய்வது என்பாய். மஞ்சள் நுரை அடைப்பான் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். அதை விரலில் நன்றாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. கூடாரத்தில் தூங்கவும் அதுதான், பக்கத்துக் கூடாரக்காரர்கள் விடியும்வரை பாடுவார்கள்.

தினமும் மாலையில் ஒரு மணி நேரம் மேடைகளை விட்டு ஊருக்குள் நடந்துவிடலாம். அந்தப் பாட்டியிடம் காபி குடிக்கலாம். நீ எந்தக் குழுவைத் தவறவிட முடியாது என்று முன்பே குறித்துவிடு, அதற்கு ஏற்ப நேரம் பார்ப்போம். எனக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற வெறி இப்போது இல்லை. உன் பக்கத்தில் நின்று ஒரு முழுக் கச்சேரி கேட்டால் போதும்.

சேவியர் கல்யாணத்துக்கு நான் வராததைப் பற்றி நேரில் திட்டு. கேட்டுக்கொள்கிறேன், வலது பக்கம் நின்று திட்டு.

அச்சு எடுத்த அன்றே எழுது. நிறம் கேட்பார்கள். என்னுடையது சிவப்பு.

உன்
சாரு